கரைதட்டிய கலங்கள்: சதுரங்கப்பட்டினம் முதல் பெசன்ட் நகர் வரை

தொண்டை நாட்டுக் கடற்கரை துறைகளால் புகழ்பெற்றது. எனினும் புயலுக்கு ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் ஒன்றேனும் அதற்கு வாய்க்கவில்லை. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கோவளம், மயிலை, சென்னை ஆகிய யாவும் திறந்த கடலை நோக்கிய மணற்கரைகளே. கலங்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கும் மாந்தரும் மசூலாப் படகிலோ கட்டுமரத்திலோ அலை கடந்து கரை சேர்ந்தமையே இக்கரையின் நெடுங்கால வழக்கம். தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படை, நீர்ப்பெயற்று என்னும் துறையைச் சொல்லுமிடத்து, இரவில் வரும் கலங்களுக்கு வழிகாட்ட உயர்ந்த மாடத்தில் ஏற்றப்பட்ட விளக்கையும் மறவாது சொல்கிறது. அத்துறையை மாமல்லபுரத்தோடும் அதன் அண்மை ஊர்களோடும் இணைத்துக் காண்போர் உளர். இவ்விளக்கை வளத்தின் அடையாளமாகவே நாம் படித்து வந்துள்ளோம். ஆனால் விளக்கு ஏற்றியவர்கள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டவர்கள்: கலத்தைக் காப்பது மீகாமன் ஒருவனின் கடமை மட்டுமன்று, கரைக்கும் அதில் பங்குண்டு.

கலம் ஒன்று கரைதட்டியதும் எழும் முதல் வினா, ‘அதைச் செலுத்தியவர் யார்?’ என்பதே. அவருக்குத் தொழில் தெரியுமா, மாலுமிகள் பயின்றவர்களா என்ற ஐயங்கள் அடுத்து வரும். இவ்வினாக்கள் தேவையானவை, ஆயினும் போதுமானவை அல்ல என்பதை இக்கரையின் இரு நிகழ்ச்சிகள் காட்டுகின்றன. ஒன்று 1782ஆம் ஆண்டுக்குரியது. மற்றொன்று அதற்கு 230 ஆண்டுகள் பிற்பட்டது.

1780இல் ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதியுள் புகுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தையடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது. காஞ்சியிலிருந்த மன்றோ பின்வாங்கிச் செங்கற்பட்டுக் கோட்டை வழியாகச் சென்னை சேர்ந்தார். கும்பினியாரின் ‘ஜாகீர்’ என வழங்கிய செங்கற்பட்டுச் சீமை அடுத்த ஆண்டுகளில் பாழ்பட்டது. ஏரிகள் பேணுவாரின்றிக் கிடந்தன. உழுகுடிகள் ஊரைவிட்டு ஓடினர். சோற்றுக்கு வழியற்ற மக்கள் சென்னையில் வந்து குவிந்தனர். நெல் விளைந்த நாடு சாம்பலானபின் அந்நகரம் உண்ண வேண்டிய அரிசி கடல் வழியாக வந்தாக வேண்டியிருந்தது. ஆதலின் அந்நாளில் சரக்குக் கலம் என்பது வாணிகப் பொருளன்று. ஒரு நகரத்தின் உயிர்.

இந்நிலையில் 1782 பிப்ரவரியில் பிரெஞ்சுக் கடற்படை வங்கக் கடலில் தோன்றியது. அதன் தலைவர் தோர்வ் கடலிலேயே நோயால் இறக்க, பொறுப்பு சுஃப்ரேனிடம் வந்தது. பிப்ரவரி 17 அன்று சதுரங்கப்பட்டினத்திற்கு எதிரே ஆங்கிலத் தளபதி எட்வர்டு ஹியூஸின் படையோடு அவர் பொருதார். இப்போருக்கு முதல் நாள் நடந்தது நம் பொருளுக்கு இன்றியமையாதது. இரவில் பிரெஞ்சுப் போர்க்கலங்களும் அவற்றைத் தொடர்ந்த சரக்குக் கலங்களும் தம்முள் பிரிந்துபோயின. விடியலில் இதைக் கண்ட ஹியூஸ், போர்க்கலங்களை விடுத்துச் சரக்குக் கலங்களையே துரத்தி ஆறு கலங்களைக் கைப்பற்றினார். அவற்றுள் படைவீரரையும் போர்த் தளவாடங்களையும் ஏற்றிய ‘லோரிஸ்தோன்’ என்பதும் ஒன்று. எங்கே அடித்தால் வலிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மறுநாட்போரில் சுஃப்ரேன் இட்ட ஆணையை அவருடைய தலைவர்களுள் பலர் நிறைவேற்றவில்லை. சிலர் எட்டவே நின்றனர். அவ்வாண்டின் பிற போர்களிலும் இக்குறை தொடர்ந்தது. இதனினும் கொடிய இழப்புகள் போர் இல்லாத நாள்களில் நேர்ந்தன. செப்டம்பரில் திருகோணமலைத் துறையுள் நுழைகையில் ‘ஓரியான்’ என்னும் பெருங்கலம் தரைதட்டி அழிந்தது. அக்டோபர்த் தொடக்கத்தில் கடலூரில் ‘பிசார்’ கரையை மிக நெருங்கி அதே கதிக்கு உள்ளானது. ஹியூஸின் பீரங்கிகளால் மூழ்கடிக்க இயலாத கலங்களைச் செலுத்தியவர்களின் பிழையே அழித்தது.

இவ்வளவில் நிறுத்தினால் திறமையற்றோர் மீது பழி சுமத்திக் கதையை முடித்துவிடலாம். ஆயின் அப்படையின் நிலையையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வந்த கலங்களும் மொரீசியசில் முன்பே இருந்தவையும் அண்மையில்தான் ஒன்றாக்கப்பட்டிருந்தன. தலைவருக்கும் துணைவர்க்கும் இடையே பழக்கமில்லை. பழுது பார்க்கத் தளமில்லை. முறிந்த பாய்மரத்திற்கு மாற்று எளிதில் கிட்டாது. நோயால் குறைந்த மாலுமிகளின் இடத்தைக் கிடைத்தவர்களைக் கொண்டே நிரப்ப வேண்டியிருந்தது. இத்தகைய படையை அனுப்பியோர் கரையில் பாதுகாப்பாக இருந்தனர்.

ஆங்கிலேயர் பக்கமும் இதற்கு விலக்கன்று. அக்காலத்தில் அக்டோபர் நடுப்பகுதி வந்ததும் வடகிழக்குப் பருவக்காற்றுக்கு அஞ்சிக் கலங்கள் இக்கரையை விட்டு அகல்வது வழக்கம். புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரம் இறக்கப்படுவது அதற்கு அறிகுறியாக இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் ஹியூஸின் படை பம்பாய் நோக்கிப் புறப்பட்டது. ஆனால் பஞ்சத்தால் வாடிய நகருக்கு அரிசி கொணர்ந்த கலங்கள் எங்கே போகும்? அக்டோபர் 15 அன்று வீசிய புயலில் அவை நங்கூரம் அறுந்து கரையில் மோதிச் சிதறின. பசித்தவர் கண்ணெதிரே அரிசி கடலோடு கலந்தது. அக்கலங்களின் மீகாமர்கள் பருவத்தை அறியாதவர்கள் அல்லர். பருவம் அறிந்தும் நிற்க வேண்டியிருந்தவர்கள் அவர்கள்.

பின்னர் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் கட்டப்பட்டது. மாமல்லபுரத்துப் பாறை உச்சியில் பல்லவர் கால ஒலக்கண்ணேசுவரர் கோயிலின் மீது ஏற்றப்பட்ட விளக்கு, இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அருகே எழுந்த கற்கோபுரத்திற்கு மாறியது. கருவிகள் பெருகின, வானிலை முன்கூட்டியே தெரியலாயிற்று. ஆயினும் 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோது, பழைய நிகழ்ச்சி புதிய உருவில் திரும்பியது. சென்னைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘பிரதிபா காவேரி’ என்னும் எண்ணெய்க் கப்பல் இழுத்துச் செல்லப்பட்டுப் பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டித் தரைதட்டியது. அதில் 37 பேர் இருந்தனர். ஒரு பகுதியினர் உயிர்காப்புப் படகில் இறங்கினர். படகு அலையில் கவிழ்ந்தது. கரையோர மீனவர்கள் கொந்தளிக்கும் கடலில் இறங்கிப் பலரைக் கரைசேர்த்தனர். ஆயினும் ஆறு பேர் மாண்டனர். கப்பலிலேயே தங்கியவர்களைக் கடலோரக் காவற்படையினர் ஹெலிகாப்டரில் மீட்டனர்.

கப்பலில் இருந்தவர்கள் பிழைத்தனர், படகில் இறங்கியவர்களே இறந்தனர் என்றதும் பழைய வினா எழுந்தது. படகை இறக்கியது பிழையா? புயல் வருமுன் ஆழ்கடலுக்குச் செல்லாதது ஏன்? ஆனால் உயிர்தப்பிய மாலுமிகள் கூறியது வேறு. பல மாதங்களாக ஊதியம் இல்லை. உணவும் நீரும் அருகிவிட்டன. எரிபொருளும் போதவில்லை என்றனர் அவர்கள். எரிபொருளற்ற கப்பலை எந்தத் தேர்ந்த மீகாமனாலும் புயலிலிருந்து விலக்கிச் செலுத்த முடியாது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது.

உலகம் இவ்வுண்மையை இரு தவணைகளில் கற்றது. 1967இல் இங்கிலாந்தின் தென்மேற்கே ‘டோரி கேன்யன்’ என்னும் எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதிக் கடலை மாசுபடுத்தியது. அதன்பின் மாலுமிகளின் பயிற்சிக்கும் தகுதிக்குமான அனைத்துநாட்டு உடன்படிக்கை 1978இல் உருவாயிற்று. மாலுமிக்கு ஊதியமும் உணவும் ஊர் திரும்பும் உரிமையும் உறுதிசெய்யும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையோ 2006இல்தான் இயற்றப்பட்டு, 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதனை 2015இல் ஏற்றது. பிரதிபா காவேரியின் மாலுமிகளுக்கு அது காலம் கடந்த துணை. அறிவைச் சோதிக்கும் விதி முன்னே வந்தது. அறிவுடையவன் பசியாதிருக்கும் விதி முப்பது ஆண்டு பின்தங்கியே வந்தது.

திறமையின்மையை மன்னிக்க வேண்டும் என்பதன்று இதன் பொருள். ஓரியானும் பிசாரும் செலுத்தியவர் பிழையால்தான் அழிந்தன. அதை மறைப்பது வரலாறாகாது. ஆனால் பிழை செய்தவனுக்கும் பிழை செய்யும் நிலையில் நிறுத்தப்பட்டவனுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதும் வரலாற்றின் கடமையே. அரிசிக் கலங்களோடு மூழ்கியோரின் பெயர்களை ஏடுகள் காக்கவில்லை. தளபதிகளின் பெயர்களே நிலைத்தன. மணிமேகலையில், ஆபுத்திரன் ஏறிவிட்டதாக எண்ணி அவனை மணிபல்லவத்திலேயே விட்டுக் கலத்தைச் செலுத்திச் சென்றவர்களைக் காண்கிறோம். எண்ணிப் பார்க்காமல் விட்டுச்செல்லப்பட்ட ஒருவனை நினைவில் வைத்தது அந்தக் காப்பியம். கடலைப் பாடும் புலவர்க்கு அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்கும் வேலை இன்றும் மீந்திருக்கிறது.