செங்கம் நடுகற்கள்: சைக்கிளில் போய்ப் படிக்க வேண்டிய வரலாறு

ஜவ்வாது மலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பீமன் அருவியும் காவலூர் தொலைநோக்கியும்தான். இரண்டுமே மலைக்கு மேலே இருப்பவை. காரிலோ பைக்கிலோ போகிறவர்கள் செங்கத்தையும் போளூரையும் டீ குடிக்கும் இடங்களாக மட்டும் பார்த்துவிட்டு மேலே ஏறிவிடுகிறார்கள். நான் எழுத நினைப்பது மலையடிவாரத்தைப் பற்றி. செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, இறங்கி, செங்கம் வழியாகக் கிழக்கே ஓடுகிறது. அதன் கரையோரச் சாலைகளும், தெற்கே தென்பெண்ணைப் பக்கம் தண்டராம்பட்டு, சாத்தனூர் வரை போகும் சாலைகளும் சைக்கிளுக்கென்றே போட்டது போல இருக்கும். பெரிய ஏற்றமில்லை. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பிவிட்டால் லாரித் தொல்லையும் இல்லை. புளியமர நிழல், கரும்பு, மணிலா, ஆடு மாடு, நடுநடுவே ஒரு பள்ளிக்கூடம், அவ்வளவுதான்.

இந்த அமைதியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் சாதாரண மனிதர்கள் எப்படிச் செத்தார்கள் என்று பெயர் சொல்லி எழுதி வைத்த கற்கள் இவ்வளவு நெருக்கமாகக் கிடைத்த பகுதிகள் மிகக் குறைவு. அவைதான் செங்கம் நடுகற்கள்.

இந்த ஊர்களுக்கு நமக்குக் கிடைத்திருக்கும் பழைய வழிகாட்டி பத்துப்பாட்டில் இருக்கிறது. மலைபடுகடாம், 583 அடி. எழுதியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மாதான் இன்றைய செங்கம். (பெண்கொலை புரிந்த நன்னன் என்று பள்ளியில் படித்தோமே, அவன் ஏழில்மலைக்காரன். அறிஞர்கள் பெரும்பாலும் இருவரையும் வேறு வேறு ஆளாகவே கொள்கிறார்கள்.) நூலில் வரும் சேயாறு நம் செய்யாறு. நவிரமலை என்பது கடலாடிக்கு அருகே செங்குத்தாக நிற்கும் பர்வதமலை. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சில் கொண்டு வந்ததால் நமக்கு இதெல்லாம் தெரிகிறது.

பரிசில் வாங்கிய கூத்தன் ஒருவன், எதிரே வரும் இன்னொரு கூத்தனுக்கு நன்னனிடம் போக வழி சொல்கிறான். நூல் முழுவதும் இதுதான். ஆனால் வழி சொல்லும் விதத்தைப் பாருங்கள்! தினைப்புனத்தை ஒட்டிப் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போ. யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிப் போ. பாசி படிந்த பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்கு. எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரை இருக்கிறது. தினைச்சோறு, மூங்கிலரிசி, அவரை விதை, புளி என்று அடுக்கிக்கொண்டே போவார். ஜவ்வாது மலையில் இன்றும் சாமை விளைகிறது. அந்தப் பட்டியலைப் படிக்கும்போது அதுதான் ஞாபகம் வரும்.

வழி சொல்கிற அந்தக் கூத்தன் இன்னொன்றும் சொல்கிறான். போகிற வழியில் பாதை பிரியும் இடங்களில் நடுகற்கள் நிறைய இருக்கும். போரில் ஓடாமல் நின்று செத்த மறவர்களின் பெயர் எழுதி நட்ட கற்கள். வழக்கப்படி அவர்களுக்குப் பிடித்ததை இசைத்துவிட்டுச் சீக்கிரம் கடந்து போங்கள் என்கிறான். அடுத்த மூச்சிலேயே, நீங்கள் இந்த ஊருக்குப் புதியவர்கள், சந்திப்புகளில் இடத்தைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்கிறான். நடுகல்லும் வழி அடையாளமும் ஒரே இடத்தில், ஒரே பேச்சில் வருகின்றன. இது முக்கியம், பிறகு வருகிறேன்.

பெயர் எழுதிய நடுகல் என்று புலவர் சொன்னதை வெறும் கற்பனை என்று நினைத்தவர்களும் உண்டு. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்தன. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் கண்டுபிடித்தவை. கிறிஸ்துவுக்கு முற்பட்டவை என்று கணிக்கப்படுகின்றன. ஒன்றில் 'ஆகோள்' என்ற சொல்லே இருக்கிறது. மாடு பிடிக்கும் சண்டைக்குத் தொல்காப்பியம் தரும் அதே சொல். அதன் பிறகு புலவரைச் சந்தேகிக்க முடியாமல் போய்விட்டது.

சரி, செங்கத்துக்கு வருவோம். இங்கே கிடைத்த எழுத்துள்ள கற்கள் பல்லவர் காலத்தில் தொடங்குகின்றன. சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் போன்றவர்களின் ஆட்சியாண்டு போட்டு, வட்டெழுத்தில், தமிழில் எழுதப்பட்டவை. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது. எழுதும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். இந்த அரசனின் இத்தனையாவது ஆண்டு, இன்ன தலைவனின் சேவகன் இன்னான், இந்த ஊர்த் தொறுவை மீட்கும்போது பட்டான், அவன் கல். தொறு என்றால் மாட்டு மந்தை. அவ்வளவுதான் செய்தி. இரண்டு மூன்று வரி. மேலே வில்லும் வாளுமாக ஓர் ஆள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும் சண்டையில் செத்துப் போனான். அவனோடு ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் கோவிவன். அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றதாகக் கல் சொல்கிறது. சிற்பத்திலும் அவன் பக்கத்தில் நாய் நிற்கிறது.

யோசித்துப் பாருங்கள். இதே மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று சமஸ்கிருதத்தில் எழுதி வைத்தான். பாடப்புத்தகத்தில் அது உண்டு. அவனுடைய ஆட்சியில் எருமை மேய்த்தவனின் பெயரும் அவன் நாயின் பெயரும் தமிழில் எழுதப்பட்டு நிற்பது பாடப்புத்தகத்தில் இல்லை (நான் படித்ததில் இல்லை). இங்கே அரசன் வெறும் தேதி. ஆள் வேறு ஒருவன். கல்வெட்டு என்றாலே கோயிலுக்கு நிலம் கொடுத்த கணக்கு என்று பழகிப்போன நமக்கு இது ஒரு நல்ல அதிர்ச்சி.

ஏன் இங்கே இவ்வளவு கற்கள்? நிலப்படத்தை விரித்தால் பாதி பதில் கிடைக்கும். வடக்கே ஜவ்வாது மலை, தெற்கே கல்வராயன் மலை, நடுவே செங்கம் கணவாய். மேற்கே மேட்டு நிலத்திலிருந்து கிழக்கே சமவெளிக்கு இறங்க இது வசதியான வழி. பல்லவர், கங்கர், பாணர் என்று எல்லோருடைய எல்லையும் உரசும் இடம். மேய்ச்சல் நிலம் அதிகம், மாடுதான் சொத்து. கவர்ந்து போக வேண்டுமானால் மாட்டை ஓட்டிக்கொண்டு மலைக்குள் நுழைந்துவிடலாம். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் கணவாய் அதே கணவாய்தான். 1767 செப்டம்பரில் முதல் மைசூர்ப் போரில் ஹைதர் அலி படையும் கர்னல் ஸ்மித்தின் ஆங்கிலப் படையும் மோதியது இதே செங்கத்தில். அந்த மாதக் கடைசியிலேயே திருவண்ணாமலையில் மறுபடியும்.

இப்போது அந்தக் கற்களின் நிலைமை. பல கற்கள் இன்றும் வேடியப்பனாக வழிபடப்படுகின்றன. எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மறைந்திருக்கும், ஆனால் கல் பத்திரமாக இருக்கும். யாரும் கும்பிடாத கற்கள்தான் பாவம். வரப்பில் சாய்ந்து, புதரில் மூடி, சில துணி துவைக்கவும் பயன்பட்டு, சாலை அகலமாகும்போது மண்ணோடு போய்விடும் நிலையில் இருக்கின்றன. எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு போய்விடலாமே என்று ஒரு நண்பன் கேட்டான். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் அப்படி நிறைய நடுகற்கள் இருக்கின்றன, அழியாமல் காப்பாற்றியது நல்ல காரியம்தான். ஆனாலும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மலைபடுகடாம் சொல்வது போல இவை பாதை பிரியும் இடத்தில் நிற்பதற்காக நட்டவை. இந்த ஊர், இந்த மேய்ச்சல், இந்தப் பக்கமாகத்தான் வந்தார்கள் என்பதுதான் கல்லின் பாதிச் செய்தி. அறைக்குள் வரிசையாக நிறுத்தி எண் போட்டால் அந்தப் பாதி போய்விடும். ஆபத்தில் இருப்பதை எடுங்கள். மற்றதற்கு ஒரு மேடையும், என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் ஒரு பலகையும் போதும். வேடியப்பனுக்கு ஊர்க்காரர்கள் காவல் இருக்கிறார்கள், பலகை படித்தால் அவர்களுக்கும் அந்தப் பெயர் தெரியும்.

இதனால்தான் சைக்கிள் என்கிறேன். நடுகல் மூன்று நான்கு அடி உயரம் இருந்தால் அதிகம். பேருந்து ஜன்னலில் இருந்து தெரியாது, பைக்கில் போனால் கடந்துவிட்ட பிறகுதான் தெரியும். நடந்தால் ஒரு நாளில் நான்கு ஊர்தான். சைக்கிளில் நின்று, இறங்கி, கேட்டு, திரும்பி வரலாம். அதோடு, பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளைப் போன்ற ஒன்றில் வந்து இறங்குகிறவனிடம் ஊர்ப் பெரியவர்கள் சந்தேகப்படாமல் பேசுகிறார்கள். "வேடியப்பன் கோயில் எங்க இருக்குங்க தாத்தா?" என்று கேளுங்கள். நடுகல் என்று கேட்டால் பல இடங்களில் புரியாது.

மலைக்கு மேலே போக நினைப்பவர்கள் போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் சாலையைப் பார்க்கலாம். அங்கே கீழ்ச்செப்பிலியில் கற்பலகைகளால் கட்டிய பெருங்கற்காலச் சின்னங்கள் இருக்கின்றன. குள்ளர்கள் வாழ்ந்தவை என்று மலையாளி இன மக்கள் சொல்லும் கதை தனிப் பதிவுக்குரியது. கியர் இல்லாத வண்டியில் அந்த ஏற்றம் கஷ்டம், தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

அடிவாரம் மட்டும் என்றால் தை, மாசி நல்லது. விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. வட்டெழுத்து ஆழமாக வெட்டியிருக்காது, உச்சி வெயிலில் கல் மொட்டையாகத் தெரியும். காலை வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எழுத்துப் பள்ளங்களில் நிழல் விழுந்து வரிகள் எழும்பி நிற்கும். கல்லின் மேல் சாக்பீஸோ மாவோ தேய்க்காதீர்கள். ஒரு துணியை நனைத்துத் துடைத்தால் போதும், பூசாரியிடம் கேட்டுவிட்டு.