நினைவகம் இல்லாத கருவியும் அகமதாபாத் நாடாக்களும்

மென்பொருள் சிந்தசைசரில் இசையமைக்கும் இளைஞரிடையே ஒரு வழக்கு ஓயாது நடந்துவருகிறது. கருவியோடு வரும் ஆயத்த ஒலிகளை, அதாவது ப்ரீசெட்டுகளை, அப்படியே எடுத்தாள்வது படைப்பாகுமா? ஒலியையும் தானே அமைத்துக்கொள்பவர்தாம் கலைஞரா? இதனைக் கலை ஒழுக்கம் பற்றிய வழக்காகவே பலரும் பேசுகின்றனர். வரலாற்றின் வழியே நோக்கினால், இது பெரும்பாலும் நினைவகம் பற்றிய வழக்கு.

1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவத் துணைநின்றார். கூடத்தின் நடுநாயகம் மோக் மாடுலர் சிந்தசைசர். அதில் ப்ரீசெட் என்று ஒன்றுமே கிடையாது. ஆசிலேட்டரையும் வடிகட்டியையும் கேபிள்களால் இணைத்து, குமிழ்களைத் திருகினாலன்றி அது வாய்திறவாது. அங்குப் பணியாற்றிய கீதா சாராபாய், அதுல் தேசாய், ஜின்ராஜ் ஜோஷிபுரா முதலியோர் தம் ஒலிகளைத் தாமே ஆக்கினர் என்று புகழ்வதில் பொருளில்லை. அவர்களுக்கு வேறு வழியே இருக்கவில்லை.

1978இல் வந்த ப்ராஃபெட்-5 நிலைமையை மாற்றிற்று. பொத்தானை அழுத்தினால் ஆயத்த ஒலி தரும் கருவிகள் முன்பும் உண்டு; ஆனால் வாசிப்பவர் தம் ஒலியைச் சேமிக்க அவை இடந்தரவில்லை. ப்ராஃபெட்-5 நாற்பது ஒலிகளை நினைவில் வைத்தது. இசைஞரின் வசதிக்காக உண்டான அந்த அறைகளைத் தொழிற்சாலையே முதலில் நிரப்பி அனுப்பியது. 1983இல் யமஹா டிஎக்ஸ்7 வந்தபோது அந்த ஆயத்த ஒலிகளே வென்றன. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டறிந்த எஃப்எம் முறையில் அது இயங்கியது. ஆறு ஆபரேட்டர்கள், அவற்றை இணைக்க 32 அமைப்புகள். எல்லாவற்றையும் ஒரு சிறு திரை வழியாகவே திருத்த வேண்டும். பொறுமையுள்ளவரையும் சோர்வுறச் செய்யும் ஏற்பாடு அது. அதன் மின்பியானோ ப்ரீசெட் எண்பதுகளின் மெல்லிசை முழுவதும் ஒலித்ததில் வியப்பில்லை.

இவ்விரண்டிற்கும் இடையில், 1982இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் ஒரு தட்டு வெளியிட்டார். பைரவ், தோடி முதலிய பத்து ராகங்கள்; டிஸ்கோ தாளம்; ரோலண்ட் நிறுவனத்தின் ஜூபிட்டர்-8, டிபி-303, டிஆர்-808. டிபி-303இல் அலைவடிவம் இரண்டே. திருகுவதற்குச் சில குமிழ்கள் மட்டுமே. தனித்துப் பயிலும் கிதார் கலைஞருக்குப் பக்கவாத்தியமாக விற்கப்பட்ட பெட்டி அது. ஒலியளவில் அவர் ஆக்கிக்கொள்ளக் கூடியது மிகக் குறைவு. ஆயினும், ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் அதன் இயல்பை ராகத்தின் நடைக்குப் பொருத்தினார். சிகாகோவில் அதே பெட்டியிலிருந்து ஆசிட் ஹவுஸ் இசை பிறந்தது அதன் பிறகே. ‘ஒலியை நீயே செய்தாயா?’ என்ற ஒற்றைக் கேள்வியை வைத்து இந்தத் தட்டை அளந்தால் ஏதும் அகப்படாது.

ஆவணத்தோடு பழகுவோருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு (இசைஞர்கள் என்னை மன்னிப்பார்களாக). டிஎக்ஸ்7இன் ப்ரீசெட் எண்களால் ஆனது; இன்றைய மென்பொருளில் ஏற்றினால் அதே அமைப்பு அப்படியே கிடைக்கும். மோக்கில் அமைத்த ஒலியோ கேபிளைக் கழற்றியவுடன் அழிந்தது. எழுபதுகளின் தொடக்கத்திலேயே அகமதாபாத் கூடம் ஓய்ந்தது. கிடப்பில் இருந்த நாடாக்களைப் பிரிட்டனைச் சேர்ந்த பால் பர்காஸ் தேடி எடுத்தார். அவற்றின் தொகுப்பு 2023இல் வெளிவந்தது. அவற்றில் ஒலி இருக்கிறது. அதை எழுப்பிய இணைப்பு இல்லை. தனித்துவத்தில் மிகுந்தவையே மறுவாழ்வுக்கு அரியவையாகிவிட்டன.

சொந்தமாக ஒலி அமைக்கும் நண்பர்களிடம் எனவே ஒரு வேண்டுகோள். உங்கள் அமைப்புகளைப் பெயரும் நாளும் இட்டுச் சேமியுங்கள். முடிந்த ஒலியைத் தனி ஒலிக்கோப்பாகவும் எடுத்து வையுங்கள். அந்த மென்பொருள் இன்னும் இருபது ஆண்டுகள் கழித்துத் திறக்குமென்று எவரும் உறுதி தரவில்லை.