உலோகக்கலவைக் காப்புரிமையில் கண்டுபிடிப்புப் படி

பழைய உலோகக்கலவையில் ஒரு தனிமத்தின் அளவைச் சற்றே மாற்றி அதன் தரத்தை உயர்த்தியவருக்குக் காப்புரிமை கிடைக்குமா? அந்த மாற்றம் துறை அறிந்தவருக்குத் தானாகவே தோன்றியிருக்குமா என்பதுதான் இதை முடிவு செய்கிறது. கண்டுபிடிப்புப் படிக்குத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருந்தால் மட்டும் போதாது, துறை அறிந்தவருக்கு எளிதில் புலப்படாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970. ஆகவே கலவை நன்றாக விற்கிறது என்ற வாதம் தனியாக நிற்காது. ஆந்திரம் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தின் எல்லைக்குள் வருவதால், புத்தூர், திருப்பதி வார்ப்படப் பட்டறைக்காரரின் விண்ணப்பம் தாக்கலாவது சென்னையில்தான்; அதுவும் இந்தக் கேள்வியைச் சந்தித்தாக வேண்டும்.

இந்தியாவில் இதற்கு அடிப்படைத் தீர்ப்பு பாத்திரத் தொழிலில் பிறந்தது. மிர்சாப்பூரின் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், கடைசலுக்காகப் பாத்திரங்களைப் பிடித்துக்கொள்ளும் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது. வெறும் பட்டறை மேம்பாடு கண்டுபிடிப்பு ஆகாது என்று 1978 இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அது கருவி வழக்கு. கலவைக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்கலாம். உலோகத்தின் குணத்தைக் கணக்குப் போட்டு முன்கூட்டிச் சொல்ல முடியாது, உருக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்பது நியாயமான மறுப்பே.

இதற்கு விடை 1985 இன் அமெரிக்க டைட்டானியம் வழக்கில் இருக்கிறது. அத்தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது, தர்க்கம் மட்டும் பயன்படும். 0.3% மாலிப்டினமும் 0.8% நிக்கலும் கொண்ட கலவை சூடான உப்புநீரில் அரிப்பைத் தாங்குகிறது என்றார்கள் விண்ணப்பதாரர்கள். 1970 இல் வந்த ரஷ்யக் கட்டுரையின் வரைபடம் ஒன்றிலோ 0.25%, 0.75% கலவை ஏற்கெனவே ஒரு புள்ளியாக இருந்தது. அக்கட்டுரை அரிப்பைப் பற்றிப் பேசவேயில்லை. ஆனாலும் பழைய பொருளில் புதிய குணம் தெரியவந்ததால் பொருள் புதிதாகிவிடாது. அந்தப் புள்ளியை உள்ளடக்கிய வரம்பைக் கோரிய உரிமைகோரல்களுக்குப் புதுமையே இல்லை. 0.3, 0.8 என்ற துல்லிய அளவும், பக்கத்து அளவின் குணம் அதற்கும் இருக்கும் என எதிர்பார்க்கலாம் என்பதால் விழுந்தது. முன்கூட்டிச் சொல்ல முடியாமைதான் விண்ணப்பதாரருக்கு உள்ள முக்கியக் கதவு. பக்கத்து அளவுகளில் இல்லாத விளைவு தன் அளவில் வருவதைச் சோதனையில் காட்ட வேண்டும். 2003 இன் அமெரிக்கப் பீட்டர்சன் வழக்கில், பழைய ஆவணத்தின் 0–7% ரீனியத்துக்குள் 1–3% கோரப்பட்டது. காட்டிய சோதனை முடிவு 2% கலவைக்கு மட்டுமே என்பதால் முழு வரம்புக்கும் அது சான்றாகவில்லை.