தீத்துராயன் வளைவில் இல்லாதவர்கள்



ரோமாபுரியில் நாங்கள் கண்டவற்றைக் குறித்து எழுதும்படி உங்களில் பலர் கேட்டீர்கள். எல்லாவற்றையும் எழுத இவ்வாரம் இடமில்லை. ஒரு கல்வளைவைப் பற்றியும், அதன் முன்னே நின்று நான் சொன்ன தவறான ஒரு பதிலைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

பண்டைய ரோமரின் பொதுமன்றமாகிய போரத்தின் இடிபாடுகளைக் கடந்து கொலோசியத்தை நோக்கி நடந்தால், வழியில் ஒற்றை வாசலுடைய வளைவு ஒன்று நிற்கும். நம் சபைகளில் ‘தீத்துராயன்’ என்று வழங்கப்படும் டைட்டஸின் வெற்றிவளைவு அது. பவுலிடம் நிருபம் பெற்ற தீத்து வேறு, இவன் கி.பி. 70இல் எருசலேமை அழித்த படைத்தலைவன். அடுத்த ஆண்டு அவனும் அவன் தந்தை வெஸ்பாசியனும் ரோமில் வெற்றி ஊர்வலம் நடத்தினர். பின்னர் பேரரசனாகி, 81இல் அவன் இறந்தபின், தம்பி டொமிஷியன் காலத்தில் இவ்வளைவு எழுந்தது. உச்சியிலுள்ள கல்வெட்டு அவனைத் தெய்வம் என்றே குறிப்பிடுகிறது.

இடைக்காலத்தில் ஒரு பிரபுக் குடும்பத்தின் கோட்டைக்குள் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தமையால் வளைவு தப்பிப் பிழைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைச் சீரமைத்த வலாடியர் என்னும் கட்டடக் கலைஞர், சிதைந்துபோன பகுதிகளுக்குப் பளிங்கைப் பயன்படுத்தாமல், வேறு வகைக் கல்லை வைத்தார். எது பழையது, எது சேர்க்கப்பட்டது என்பதைப் பார்ப்பவர் அறிய வேண்டும் என்பது நோக்கம். பிரசங்க பீடத்தில் நிற்கிற எங்களுக்கும் அப்படிப்பட்ட ஒழுங்கு வேண்டும் என்று அப்போதே எண்ணினேன். அரைமணி நேரத்திற்குள் அதை மீறியும் விட்டேன்.

வாசலின் உட்சுவர்களில் இரண்டு பெரிய சிற்பங்கள் உள்ளன. ஒன்றில் டைட்டஸ் நான்கு குதிரை பூட்டிய இரதத்தில் வருகிறான். மற்றதில் எருசலேம் தேவாலயத்தின் ஏழு கிளைக் குத்துவிளக்கும், சமுகத்தப்ப மேஜையும், பூரிகைகளும் தோள்களில் சுமந்து கொண்டுபோகப்படுகின்றன. யாத்திராகமத்தில் நாம் வாசிக்கிற அந்த விளக்கு! எங்கள் குழுவினர் அது தங்கள் தலைக்கு மேல் தெரியும்படி நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அப்போது வயதான ஓர் அம்மா என்னிடம், “ஐயா, இதைச் சுமக்கிறவர்கள் யார்?” என்று கேட்டார்.

“சிறைப்பட்ட யூதர்கள், அம்மா” என்றேன். ஒரு கணமும் தயங்கவில்லை.

அன்றிரவு அறையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுமக்கிறவர்களின் தலைகளில் வாகை மாலைகள் இருந்தன. சிறைப்பட்டவனுக்கு யார் மாலை சூட்டுவார்கள்? அவர்கள் வெற்றிபெற்ற ரோமர்கள். அந்தச் சிற்பத்தில் கொள்ளையிட்ட பொருள்கள் இருக்கின்றன, கொள்ளையிட்டவர்கள் இருக்கிறார்கள். கொள்ளைகொடுத்தவர்களில் ஒருவரும் இல்லை.

அவர்கள் எங்கே போனார்கள் என்பதை, போரைக் கண்ணால் கண்ட யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். அவர் ரோமரின் ஆதரவில் வாழ்ந்தவர். அவர் தரும் எண்கள் மிகையானவை என்பது பலரின் கருத்து. ஆயினும் நடந்தவற்றை அவர் மறைக்கவில்லை. உயரமும் அழகும் உள்ள 700 வாலிபர்கள் ஊர்வலத்திற்கென்று பொறுக்கி எடுக்கப்பட்டார்கள். 17 வயதுக்கு மேற்பட்ட மற்றவர்களில் பலர் விலங்கிடப்பட்டு எகிப்தின் கடும் உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள். பலர் மாகாணங்களின் அரங்குகளில் வாளுக்கும் மிருகங்களுக்கும் இரையாகப் பங்கிடப்பட்டார்கள். 17 வயதுக்குட்பட்டவர்கள் விற்கப்பட்டார்கள். தேவாலயத்திற்கென்று யூதர்கள் செலுத்திவந்த இரண்டு திராக்மா வரி, மீனின் வாயில் கிடைத்த காசினால் பேதுரு செலுத்தினாரே, அதே வரி, ரோமின் ஜூபிடர் கோவிலுக்கென்று திருப்பிவிடப்பட்டது.

என் வேதனை சிற்பத்தைப் பற்றியது மட்டுமன்று. கி.பி. 70ஐக் குறித்து எத்தனை முறை உங்களுக்குப் பிரசங்கித்திருக்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடி இடிந்ததை, தீர்க்கதரிசனம் நிறைவேறியதன் சான்றாக, ஏறக்குறைய மகிழ்ச்சியோடு சொன்னேன். கற்களை எண்ணினேனேயன்றி மனிதரை எண்ணவில்லை. லூக்கா 21ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்களைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தவில்லை. பட்டயத்தால் விழுவோரையும் சிறைப்பட்டுப் போவோரையும் அதே அதிகாரத்தில் குறிப்பிடுகிறார். அதற்கு இரண்டு அதிகாரங்களுக்கு முன் அந்நகரத்தைப் பார்த்து அழுகிறார். நானோ வளைவைச் செதுக்கியவர்கள் பக்கம் நின்றே இத்தனை ஆண்டுகளாக அந்த வரலாற்றைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை உணவின்போது அந்த அம்மாவிடம் போய், “நேற்று தவறாகச் சொல்லிவிட்டேன். சுமக்கிறவர்கள் ரோமர்கள்” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்படியானால் பிடிபட்ட ஜனங்களை எங்கேயும் செதுக்கவில்லையா ஐயா?” என்று கேட்டார்.

“நாணயங்களில் இருக்கிறார்கள் அம்மா” என்றேன். வெஸ்பாசியன் வெளியிட்ட காசுகளில், ஒரு பேரீச்ச மரத்தடியில் துக்கத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள்.

“அவள் பெயர் என்ன?”

“‘சிறைப்பட்ட யூதேயா’ என்று சுற்றிலும் எழுதியிருக்கும்.”