எம்டன் கதையின் மறுபாதி

எங்கள் குடும்பம் தாம்பரத்துக்குக் குடிவந்தது முதல் உலகப்போரில் வந்த ஒரு ஜெர்மன் போர்க்கப்பலால். 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் எம்டன் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்றது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்து அது சுட்டபோது, என் பாட்டியின் அப்பா மண்ணடியில் ஒரு தானிய மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தில் நடுராத்திரியில் காக்காய் கரைந்ததாம், பாட்டி சொல்வாள். பட்டணத்தை விட்டு ஓடிய ஆயிரக்கணக்கானோரில் அவர் குடும்பத்தாரும் எழும்பூரில் ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி, இங்கேயே தங்கிவிட்டார்கள்.

பாட்டியின் கதை அதோடு முடிந்துவிடும். சென்னையில் யாரைக் கேட்டாலும் அதோடுதான் முடிகிறது. சுமார் 125 குண்டுகள், உயர்நீதிமன்ற மதில் ஓரத்துக் கல்வெட்டு, அவ்வளவுதான். விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று சிலர் சேர்த்துச் சொல்வார்கள். அந்த மாதம் அவர் ஐரோப்பாவில் இருந்தார். கப்பலில் இருந்ததற்குச் சான்று கிடையாது. அவர் செய்த பெரிய காரியங்கள் வேறு உண்டு, இந்தக் கதை அவருக்குத் தேவையில்லை.

சரித்திர வாத்தியாராக இருந்தவரையில் எனக்கும் பாடப்புத்தகத்தில் எம்டன் பற்றி இருந்த ஒரு வரியைத் தாண்டிப் போக நேரம் கிடைத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தபோதுதான் மறுபாதி முழுசாகத் தெரிந்தது. அந்தப் பாதி ஆஸ்திரேலியாவுடையது.

சென்னையை விட்டுப் போன எம்டன், அக்டோபர் 28 அன்று பினாங்கில் ஒரு ரஷ்யப் போர்க்கப்பலையும் ஒரு பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது. நவம்பர் 1 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி துறைமுகத்திலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்துச் சிப்பாய்கள் முப்பதாயிரம் பேர் வரை கப்பல் வரிசையாகப் போருக்குப் புறப்பட்டார்கள். போகும் வழியெல்லாம் எம்டன் பயம். காவலுக்கு வந்த கப்பல்களில் இபுகி என்ற ஜப்பானியக் கப்பலும் ஒன்று.

நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் ஐம்பது பேரைக் கரையிறக்கினார். நிலையத்தார் சும்மா இருக்கவில்லை. அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று கம்பியில்லாத் தந்தியில் கூவிவிட்டார்கள். சிப்பாய்களின் கப்பல் வரிசை அப்போது கூப்பிடு தூரத்தில், நூறு கிலோமீட்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. காவலுக்கு வந்த ஆஸ்திரேலியக் கப்பல்களில் ஒன்றான மெல்போர்னின் தலைவர் முதலில் தானே பாயப் பார்த்தார். வரிசையைக் காப்பதே தன் முதல் கடமை என்று நின்று, சிட்னி என்ற கப்பலை அனுப்பினார். அந்த நிதானத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

முதலில் சுட்டது எம்டன்தான், குறியும் தப்பவில்லை. ஆனால் அதன் குண்டு ஒன்று சுமார் 17 கிலோ, சிட்னியின் குண்டு 45 கிலோ. சிட்னியின் தலைவர் ஜான் கிளாசப் தன் கப்பலைத் தள்ளி நிறுத்தி, எட்டாத தூரத்திலிருந்து அடித்தார். பதினொன்றரைக்குள் எம்டன் பாறைத் திட்டில் ஏறி நின்றுவிட்டது. அதில் இறந்தவர்கள் 130 பேருக்கு மேல், சிட்னியில் நான்கு பேர். எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிற்கிறது.

ஆஸ்திரேலியா தனி நாடாகி அப்போது பதின்மூன்று வருஷம்தான். அதன் கடற்படை சிட்னி துறைமுகத்துக்குள் முதன்முதலாக நுழைந்தது 1913 அக்டோபரில். கப்பலுக்குக் கப்பல் நின்று அது வென்ற முதல் சண்டை இது. அப்படிக் காப்பாற்றப்பட்ட சிப்பாய்களில் பலர் மறு ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிப்போலியில் கரையிறங்கினார்கள். அந்தப் படையெடுப்பு தோல்வியில் முடிந்தது; அதில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியர் இறந்தார்கள். அவர்கள் தேசம் தன்னைத் தேசமாக உணர்ந்தது அந்த நாளில் என்பார்கள். அதே நாளில் அதே கரையில் இந்திய மலைப் பீரங்கிப் படையும் இறங்கியது. கோவேறு கழுதைகள் மேல் பீரங்கியைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போனவர்கள் நம் நாட்டவர்.

அந்த ஏப்ரல் 25-ஐ நினைவுகூரும் இடம் ஒன்று நம் பக்கத்திலேயே உண்டு. நந்தம்பாக்கத்தில், பரங்கிமலை–பூந்தமல்லி சாலையில், 1952-இல் அமைந்த போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 850-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே கிடத்தப்பட்டிருக்கிறார்கள். முதல் போரில் இறந்து, இந்தியாவெங்கும் பராமரிப்பில்லாத கல்லறைகளில் கிடப்பவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் அங்கே பெயராகப் பொறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஏப்ரல் 25 விடியற்காலையில் ஆஸ்திரேலியத் துணைத் தூதரகத்தார் அங்கே அஞ்சலிக் கூட்டம் நடத்தியிருக்கிறார்கள். தங்கள் தோல்வி நாளை இவ்வளவு தூரம் வந்தும் மறக்காதவர்கள் அவர்கள். நாமோ நம் ஊரைத் தாக்கிய கப்பல் என்ன ஆனது என்றுகூடக் கேட்டதில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பள்ளிகளின் சரித்திர ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்சார ரயிலில் பரங்கிமலை நிலையம் வரை வந்தால் அந்தத் தோட்டம் பக்கம்தான். பிள்ளைகளை ஒரு காலை அழைத்துப் போங்கள். செப்டம்பர் 22-ஐச் சொல்லும்போது நவம்பர் 9-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்.