கோல் அடிச்சா செய்தி, மிஸ் பண்ணா மீம்ஸ்: லிவர்பூல் ரசிகர்களுக்கு மீடியா மேல ஏன் இவ்வளவு கோபம்?

இங்கிலிஷ் பிரீமியர் லீக் பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி பழகிப்போயிருக்கும். ஸ்ட்ரைக்கர் ஒருவர் திறந்த கோல் போஸ்ட்டுக்கு வெளியே பந்தை அடிப்பார். அடுத்த சில நிமிடங்களில் அந்தக் கிளிப் உலகம் முழுக்கச் சுற்றும். அதற்கடுத்து டிவி ஸ்டூடியோவில் முன்னாள் வீரர்கள் விவாதம். அதற்கும் அடுத்து, ‘எங்க ஆளை மட்டும் ஏன் குறிவைக்கிறீங்க?’ என்று அந்த கிளப்பின் ரசிகர்கள் கிளம்புவார்கள்.

எல்லா கிளப் ரசிகர்களும் இப்படித்தான் சொல்வார்கள். ஆனால் லிவர்பூல் ரசிகர்கள் சொல்லும்போது அதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

கோபம் எங்கே ஆரம்பித்தது?

1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளுக்கு இடையே எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். கடைசியாக, மூளை பாதிப்போடு பல ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் 2021-ல் இறந்தார்.

சம்பவம் நடந்த நான்காவது நாள், ‘தி சன்’ நாளிதழ் முதல் பக்கத்தில், ‘உண்மை’ என்ற தலைப்போடு ஒரு செய்தி போட்டது. இறந்து கிடந்தவர்களின் பாக்கெட்டில் ரசிகர்களே திருடினார்கள், போலீசார் மீது சிறுநீர் கழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அது பொய். ரசிகர்கள் மீது பழியில்லை என்று 2012-ல் சுயாதீனக் குழு அறிக்கை சொன்னது. அந்தப் பத்திரிகையும் அப்போது முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. 2016-ல் விசாரணை ஜூரி, அந்த மரணங்கள் சட்டவிரோதக் கொலை என்று தீர்ப்பளித்தது.

நடுவில் ஓடியது 23 வருஷம். லிவர்பூல் நகரில் பல கடைகள் அந்தப் பத்திரிகையை இன்றும் விற்பதில்லை. 2017-ல் கிளப்பே அதன் செய்தியாளர்களை மைதானத்துக்குள் வரக்கூடாது என்று தடை செய்தது. அதே ஆண்டு பரம எதிரியான எவர்டனும் தடை போட்டது. ஊரே ரெண்டா பிரிஞ்சு நிற்கிற ஃபுட்பாலில், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சிவப்பும் நீலமும் ஒரே பக்கம்.

மீடியா சொல்வதை அப்படியே நம்பாதே என்பதை வீட்டுப் பாடமாகக் கேட்டு வளர்ந்த ரசிகர்கள் இவர்கள். ஸ்ட்ரைக்கர் பற்றிய விமர்சனத்தையும் அதே சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கிறார்கள். அது எல்லா நேரமும் நியாயம் என்று சொல்ல முடியாது.

டார்வின் நூனியெஸ்: சரியான உதாரணம்

2022 ஜூனில் பென்ஃபிகா கிளப்பிலிருந்து லிவர்பூல் வாங்கிய உருகுவே வீரர் இவர். ஆரம்ப விலை 6.4 கோடி பவுண்ட். போனஸ் எல்லாம் சேர்ந்தால் 8.5 கோடி வரை போகலாம் என்பது ஒப்பந்தம்.

ஜூலை 12-ல் பாங்காக்கில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நட்புப் போட்டி. 4-0 தோல்வி. நூனியெஸ் வாய்ப்பை வீணடித்த கிளிப் வைரல். ஒன்பதே நாளில் லைப்சிக் அணிக்கு எதிராக ஒரே பாதியில் நான்கு கோல் அடித்தார். மாத இறுதியில் கம்யூனிட்டி ஷீல்டு போட்டி. அதில் நூனியெஸ் கோல் அடித்தார், மான்செஸ்டர் சிட்டியின் புது ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்ட் எளிதான வாய்ப்பைத் தவறவிட்டார். இப்போது கேலி ஹாலண்ட் பக்கம் திரும்பியது. அந்த சீசனில் லீக்கில் 36 கோல் அடித்து சாதனை படைத்தவர் யார்? அதே ஹாலண்ட்தான்!

ஒரு கிளிப்பை வைத்து முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

‘பெரிய வாய்ப்பு’ கணக்கு என்ன?

டிவியில் அடிக்கடி காட்டப்படும் புள்ளிவிவரம், ‘தவறவிட்ட பெரிய வாய்ப்புகள்’. கோல் அடித்திருக்க வேண்டிய சூழ்நிலை என்று தரவு நிறுவனம் கருதும் வாய்ப்புகள்தான் இந்தக் கணக்கில் வரும். 2023-24 சீசனில் நூனியெஸ் பெயர் இந்தப் பட்டியலின் உச்சியருகே இருந்தது. அதை வைத்து எத்தனையோ கிராஃபிக்ஸ். ஆனால் பட்டியலில் முதலிடம் ஹாலண்டுக்கு. 27 கோலோடு கோல்டன் பூட் வாங்கியவரும் அவரே.

காரணம் எளிது. நல்ல இடத்துக்கு அடிக்கடி போகிறவன்தான் அடிக்கடி தவறவிடவும் முடியும். பந்து பக்கமே போகாத ஸ்ட்ரைக்கருக்கு இந்தக் கணக்கில் பூஜ்யம்தான் வரும். தவறவிட்ட எண்ணிக்கையை மட்டும் திரையில் போட்டு, அடித்த எண்ணிக்கையை விட்டுவிட்டால் அது பாதிச் செய்தி. ரசிகர்களின் முக்கியமான புகார் இதுதான், இதில் அவர்கள் சொல்வது சரி.

அப்போ நூனியெஸ் மேல தப்பே இல்லையா?

இருக்கு. 2022 ஆகஸ்டில் ஆன்ஃபீல்டில் ஆடிய முதல் லீக் போட்டியிலேயே எதிரணி வீரரைத் தலையால் முட்டி ரெட் கார்டு வாங்கினார். 2024 ஜனவரியில் செல்சிக்கு எதிராக ஒரே மேட்சில் நான்கு முறை பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது; அதில் ஒன்று பெனால்டி. துரதிர்ஷ்டமா, துல்லியக் குறைவா? ரசிகர்களுக்குள்ளேயே ரெண்டு கட்சி.

அதே ஆள்தான் 2023 ஆகஸ்டில் நியூகாசிலில், பத்து பேராகக் குறைந்த அணிக்காக மாற்று வீரராக இறங்கி இரண்டு கோல் அடித்து ஜெயிக்க வைத்தார். 2025 ஜனவரியில் பிரென்ட்ஃபோர்டில் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல். அடுத்த மாதமே ஆஸ்டன் வில்லாவுடன் திறந்த கோலைத் தவறவிட்டார். தவறவிட்டதைவிட அதன்பின் அவர் ஆட்டத்தில் காட்டிய உழைப்புதான் பிரச்னை என்று பயிற்சியாளர் ஆர்னே ஸ்லாட்டே வெளிப்படையாகச் சொன்னார். இதற்கும் மீடியாவைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் 143 போட்டி, 40 கோல். 2025 ஆகஸ்டில் சவுதியின் அல் ஹிலால் கிளப்புக்குப் போய்விட்டார்.

சலா விஷயம் வேறு

முகமது சலா கோல் அடிக்காதவர் இல்லை. 2024-25-ல் லீக்கில் மட்டும் 29 கோல், 18 அசிஸ்ட், கூடவே சாம்பியன் பட்டம். அடுத்த சீசனில் ஃபார்ம் சரிந்து பெஞ்சில் உட்கார்ந்தார். 2025 டிசம்பரில் லீட்ஸ் போட்டிக்குப் பிறகு செய்தியாளர்களிடம் கொட்டித் தீர்த்தார். கிளப் தன்னைப் பலிகடா ஆக்கிவிட்டது என்றார். ஹாரி கேன் தொடர்ந்து கோல் அடிக்காதபோது ‘அடிச்சிடுவார்’ என்று சொன்ன மீடியா, தன்னை மட்டும் பெஞ்சில் உட்காரச் சொல்கிறது என்பதும் அவரது வருத்தம்.

மறுபடியும் தன்னைத் தாக்கப்போகிறார் என்று அவரே முன்கூட்டிச் சொன்ன பெயர் ஜேமி காரகர். சொன்னபடியே நடந்தது. காரகர் யாரென்றால், லிவர்பூலுக்காக 700-க்கும் மேற்பட்ட போட்டிகள் ஆடியவர். இங்கேதான் ரசிகர்கள் குழம்பிப் போகிறார்கள். ‘வெளியாட்கள் நம்மைத் தாக்குகிறார்கள்’ என்ற வாதம், தாக்குபவர் நம்ம ஊர்க்காரராக இருந்தால் எடுபடாது.

டிவிக்கு ஏன் இது தேவை?

2025-26 முதல் நான்கு சீசன்களுக்கு பிரிட்டன் ஒளிபரப்பு உரிமையின் மதிப்பு சுமார் 670 கோடி பவுண்ட். அவ்வளவு கொடுத்தவர்களுக்கு 90 நிமிட ஆட்டம் போதாது. வாரம் முழுக்கப் பேச விஷயம் வேண்டும். அதோடு, சனிக்கிழமை மதியம் 3 மணி மேட்சை பிரிட்டனில் நேரலையாகக் காட்டக் கூடாது என்பது பழைய விதி. நாம் இங்கே இரவில் சோபாவில் உட்கார்ந்து லைவாகப் பார்க்கும் ஆட்டத்தை, லிவர்பூலில் டிக்கெட் கிடைக்காத ரசிகர் கிளிப்பாகத்தான் பார்க்க முடியும்.

இதனால்தான் ரசிகர்களே பாட்காஸ்ட், யூடியூப் சேனல் என்று ஆரம்பித்தார்கள். ‘தி ஆன்ஃபீல்ட் ராப்’, ‘ரெட்மென் டிவி’ போன்றவை பிரபலமாயின. ஆனால் ரசிகர் சேனல்களுக்கும் வியூஸ் வேண்டும். தோற்ற இரவில் தம்ப்நெயிலில் யார் படம் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஃபார்வர்டு படம்தான்.