தனெகாஷிமாத் தீவும் ஒரு திருகாணியும்



வரலாறு என்றவுடன் மன்னர்களும், அவர்கள் நடத்திய போர்களும், எழுப்பிய கோட்டைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. கொல்லர் ஒருவருடைய பட்டறையில் பல மாதங்கள் தீராமல் நின்ற ஓர் ஐயமும் வரலாறுதான். 35 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் இதனை உங்களுக்கு எடுத்துக்காட்ட விரும்புகிறேன். அந்த ஐயம் ஒரு திருகாணியைப் பற்றியது. காதணியும் மூக்குத்தியும் கழன்று விழாமல் காக்கும் சிறு திருகாணியை நம் வீடுகளில் அறியாதார் இலர். அதே அமைப்பு, துப்பாக்கிக் குழலின் அடியில் அமர்ந்து, ஜப்பான் நாட்டு வரலாற்றில் பங்கு கொண்ட செய்தியே இன்றைய பொருள்.

முதலில் அக்காலத் துப்பாக்கியின் அமைப்பைக் காண்போம். அது வாய் வழியே மருந்திடப்படுவது. குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை இட்டு, நீண்ட கோலால் கெட்டிப்பார்கள். அடிப்பக்கத்துச் சிறு துளையில் எரியும் திரி நெருப்பூட்டியதும் மருந்து பற்றிக்கொள்ளும். அப்போது பிறக்கும் வாயு எல்லாத் திசைகளிலும் தள்ளுகிறது. முன்னே இருக்கும் குண்டு வழிவிட வேண்டும். பின்னே இருக்கும் அடைப்பு வழிவிடலாகாது. விட்டால், குண்டு பகைவனைச் சேருமுன் அடைப்பு சுடுபவனுடைய முகத்தைச் சேரும். ஆகவே துப்பாக்கியை ஏந்துபவனின் உயிர், வெளியே தெரியாத அந்த அடைப்பை நம்பியே இருந்தது.

இனி நிகழ்ச்சிக்கு வருவோம். போர்ச்சுகீசியர் 1498-இல் கள்ளிக்கோட்டையை அடைந்தனர். 1510-இல் கோவாவையும், 1511-இல் மலாக்காவையும் கைப்பற்றினர். அங்கிருந்து சீனக் கடலில் வாணிகம் செய்யத் தொடங்கினர். 1543-ஆம் ஆண்டில் ஒரு சீனக் கப்பல், ஜப்பானின் கியூஷூவுக்குத் தெற்கே உள்ள தனெகாஷிமாத் தீவின் தென்கோடியில் ஒதுங்கிற்று. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் இருந்தனர். கப்பலிலிருந்த சீனர் ஒருவரும் அவ்வூர்த் தலைவரும் ஒருவர் பேச்சை ஒருவர் அறியாமல், மணலில் கோலால் சீன எழுத்துகளை எழுதியே உரையாடினர். கப்பலில் வந்த போர்ச்சுகீசியர் கையில் இரும்புக் குழல்கள் இருந்தன. தீவின் தலைவரான தொக்கிதாக்கா 15 வயது இளைஞர். அவர் அக்குழல்களின் ஆற்றலைக் கண்டு வியந்து, விலை பெரிதென்று பாராமல் இரண்டை வாங்கினார். வெடிமருந்து செய்யும் முறையை ஒருவர் கற்றுக்கொள்ளவும், துப்பாக்கியைப் போலவே மற்றொன்றைச் செய்யவும் ஆணையிட்டார்.

அத்தீவில் இரும்பு மணல் கிடைத்தது. கைதேர்ந்த கொல்லர்களும் இருந்தனர். அவர்களுள் யாயித்தா கின்பெய் என்பவர் இப்பணியை ஏற்றார். இரும்புப் பட்டையைக் காய்ச்சி, ஓர் உருட்டுக் கம்பியின்மேல் சுற்றி, அடித்து ஒட்டவைத்துக் குழலாக்குவது வாள் செய்து பழகிய கைகளுக்கு எட்டாத வேலையன்று. ஆனால் அவ்வாறு செய்த குழல் இருபுறமும் திறந்திருக்கும். ஒரு புறத்தை அடைக்க வேண்டும். எப்படி அடைப்பது? அங்கேதான் அவருடைய கலை நின்றுவிட்டது. போர்ச்சுகீசியத் துப்பாக்கியின் அடியில் இருந்தது புரியிட்ட திருகாணி. ஆணியின் வெளிப்புறத்தில் ஒரு புரி, குழலின் உட்புறத்தில் அதற்கு இசைந்த மற்றொரு புரி. ஜப்பானியக் கைவினைஞர் மரத்தை மரத்தோடு பொருத்துவதில் வல்லவர்கள். வாளின் பிடியை மூங்கில் முளையால் நிறுத்தும் நுட்பத்தை அறிந்தவர்கள். ஆனால் திருகாணி அவர்கள் அறியாத பொருள்.

அடியைக் காய்ச்சி அடித்தே மூடிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மூடலாம், ஆனால் இரண்டு இடர்கள் உண்டு. ஒட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் அது வெடித்துப் பிரியும். ஒட்டு பிடித்தாலும், குழலின் உள்ளே அடிமூலையைத் துப்புரவு செய்ய இயலாது. அக்காலத்துக் கரிய வெடிமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி கரியும் உப்புமாக எஞ்சிவிடும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். அரிப்பு எங்கே மிகுதி? மருந்து தங்கும் அடியிலேதான்.

திருகாணி இரண்டு இடர்களையும் நீக்குகிறது. வெடிப்பின் தாக்குதலை அதன் புரிகள் பகிர்ந்து தாங்குகின்றன. வேண்டும்போது அதைக் கழற்றவும் முடிகிறது. ஜப்பானியத் துப்பாக்கியில் மரக்கட்டையோடு குழலைப் பிணைக்கும் முளைகளை எடுத்துவிட்டு, குழலைத் தனியே தூக்கி, அடித்திருகைச் சுழற்றி எடுப்பர். குழலை நீரால் கழுவித் துணியால் துடைப்பர். ஒரு முனையில் கண்ணை வைத்து, மறுமுனையின் ஒளியில் உட்புறம் நேராக இருக்கிறதா என்று பார்ப்பர். ஈரம் உலர்ந்தபின் புரிகளுக்கு எண்ணெயிட்டுத் திருகை மீண்டும் பொருத்துவர். இதில் கவனம் மிக வேண்டும். திருகின் முகம் குழலின் உள்ளே இடைவெளியின்றி அமர வேண்டும். சிறிது இடம் இருந்தாலும் கசடு அங்கே குடியேறும். எண்ணெயின்றி விட்டால் துரு பிடித்துத் திருகு அசையாது. முரட்டுத்தனமாகத் திருகினாலோ, தேவையின்றி அடிக்கடி கழற்றினாலோ புரி தேய்ந்துவிடும். தேய்ந்த புரி, இல்லாத புரியினும் தீயது. அது காப்பதுபோல் காட்டி ஏமாற்றுவது.

கின்பெய்யின் ஐயம் எவ்வாறு தீர்ந்தது? மறு ஆண்டு, அதாவது 1544-இல், அயல்நாட்டு வணிகர் மீண்டும் வந்தனர். அவர்களுள் ஒரு கொல்லரும் இருந்தார். தொக்கிதாக்கா கின்பெய்யை அவரிடம் மாணவராக அனுப்பினார். அடியைத் திருகி அடைக்கும் வித்தை அவ்வாறு தீவுக்கு வந்தது. அதன்பின் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் பல பத்துத் துப்பாக்கிகள் அங்கே உருவாயின.

இச்செய்தியை நமக்குத் தருவது ‘தெப்போக்கி’ என்னும் நூல். தொக்கிதாக்காவின் மகன் விருப்பப்படி 1606-இல் நன்போ புன்ஷி என்ற துறவி இதனை இயற்றினார். நிகழ்ச்சிக்கு 60 ஆண்டுகளுக்குப் பின், தந்தையின் புகழ் நிலைக்க மகன் எழுதுவித்த நூலை அப்படியே நம்பலாமா? போர்ச்சுகீசியரான அந்தோனியோ கல்வாவின் நூல் 1563-இல் வெளிவந்தது; அது 1542 என்று ஆண்டு கூறுகிறது. வேறு வழிகளிலும் துப்பாக்கி ஜப்பானுக்கு வந்திருக்கலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். எனினும் ஒன்றைக் கவனியுங்கள். புகழ்பாட எழுந்த நூல், தம்மவர் அடைப்பைச் செய்யத் தெரியாமல் நின்றதையும் மறைக்காமல் சொல்கிறது. பெருமைக்கு இழுக்கான செய்தியை யாரும் வலிந்து புனைவதில்லை. ஆகவே அப்பகுதியை நம்புவதற்குக் காரணம் வலிதாக உள்ளது. நூலைப் படிக்கும்போது, எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்கப் பழகுங்கள்.

தெப்போக்கி சொல்லாத மற்றொரு செய்தி, யாயித்தா குடும்பத்தின் வமிசாவளியில் உள்ளது. கின்பெய்யின் மகள் வக்காசா, அந்த வித்தைக்கு ஈடாக ஒரு போர்ச்சுகீசியருக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டாள். மறு ஆண்டு கப்பலில் திரும்பி வந்தாள். அவள் இறந்துவிட்டாள் என்று நடித்துக் குடும்பத்தார் அவளைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டனர் என்பது அது. இதனை உறுதியான வரலாறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தீவு மக்கள் இன்றும் அவளுக்கு நினைவிடம் அமைத்துப் போற்றுகின்றனர். தலைவரின் பெயரை நூல் காத்தது. பெண்ணின் பெயரைக் குடும்பமும் ஊரும் காத்தன. கற்ற வித்தைக்கு யார் விலை கொடுத்தார் என்ற கேள்வியை அந்தப் பெயர் நம்மிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

தீவிலிருந்து அக்கலை சக்காய், குனிதோமோ முதலிய ஊர்களுக்குப் பரவிற்று. 1575-இல் நாகாஷினோப் போரில் ஓதா நொபுநாகாவின் துப்பாக்கி வீரர்கள் தக்கேதா படையை முறியடித்தனர். துப்பாக்கிகளின் தொகையை ஆயிரம் என்றும் மூவாயிரம் என்றும் வேறுவேறாகச் சொல்வர். மணலில் எழுதிப் பேசிய அந்நாளுக்கும் குருதி சிந்திய இந்நாளுக்கும் இடையே 32 ஆண்டுகளே. வித்தையைக் கற்பது ஒன்று, அதை எதற்குப் பயன்படுத்துவது என்பது வேறொன்று; இரண்டாவதை எந்தக் கொல்லரும் கற்பிப்பதில்லை.

பின்னர் தொக்குகாவா ஆட்சியில் நீண்ட அமைதி நிலவியது. திருகாணி பெரும்பாலும் துப்பாக்கியின் அடியிலேயே தங்கிவிட்டது. பிற தொழில்களில் அது பெரிதும் பரவவில்லை. 1860-இல் ஜப்பானியத் தூதுக்குழு அமெரிக்கா சென்றது. குழுவிலிருந்த ஒகுரி தாதாமாசா என்பவர், வாஷிங்டனில் கடற்படைத் தொழிற்கூடத்தைப் பார்வையிட்டு, அங்கிருந்து ஒரு திருகாணியைத் தம் நாட்டுக்கு எடுத்துச் சென்றார். 1865-இல் யொக்கோசுக்காவில் பெரிய இரும்புத் தொழிற்சாலை தொடங்க முன்நின்றவரும் அவரே.

மாணவ நண்பர்களே, கின்பெய் குழலைப் பார்த்தே செய்துவிட்டார். திருகை மட்டும் பார்த்துச் செய்ய முடியவில்லை. கல்வியிலும் பார்த்து எழுதிவிடக்கூடிய பகுதி ஒன்று உண்டு. ஆசிரியரிடம் சென்று கேட்டாலன்றி விளங்காத பகுதியும் ஒன்று உண்டு. தெரியாத இடத்தில் நின்று, எனக்கு இது தெரியவில்லை என்று கூறி அயலாரிடம் மாணவராய் அமர்ந்தாரே, அந்தக் கைதேர்ந்த கொல்லரின் பணிவை நீங்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.